மூன்று பேர் கேட்க, நான்கு முறை பேச: புதுச்சேரி அருங்காட்சியகப் பயணக் குறிப்பு

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 32 பேரைப் புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போய், அங்குள்ள பொருள்களின் பக்கத்தில் நிற்கவைத்துப் பேசப் பழக்கும் வேலை இது. முதல் தடவை கவிழ்ந்தது. இரண்டாம் தடவை நின்றது. நடுவில் என்னென்ன மாற்றினோம், என்ன செலவானது, இன்னும் எங்கே ஓட்டை இருக்கிறது என்பதை, அடுத்து செய்யப்போகிறவர்களுக்காக வரிசையாக எழுதிவைக்கிறோம்.

கவிழ்ந்த முறை

பேச்சுப்போட்டிக்குத் தயார்செய்வதுபோலவே தயார்செய்ததுதான் தப்பு. ஆளுக்கு இரண்டு பக்கம் எழுத்து, ஆசிரியர் திருத்தம், பிறகு மனப்பாடம். 32 பேரும் "அவையோர் அனைவருக்கும் என் முதற்கண் வணக்கம்" என்றே ஆரம்பித்தார்கள். ஒருவர் பேச மீதி 31 பேர் சுற்றி நின்று கேட்பதாக ஏற்பாடு. ஆளுக்கு 3 நிமிடம் என்பது கணக்கு. கூட்டத்தை ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு நகர்த்தி நிறுத்தவே இன்னொரு 3 நிமிடம் போயிற்று. மதியத்துக்குள் 19 பேர்தான் பேசினார்கள். மீதி 13 பேர் மனப்பாடம் செய்ததை வயிற்றிலேயே வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்கள்.

பேசியவர்களிடமும் மூன்று கோளாறுகள் திரும்பத் திரும்ப வந்தன. ஒன்று, நடுவில் ஒரு வரி மறந்தால் மொத்தமும் அறுந்துபோகிறது: "ஆரம்பத்துலேர்ந்து சொல்லட்டுமா மிஸ்?" இரண்டு, பெட்டியில் ஒட்டியிருக்கும் விளக்கச் சீட்டைப் பார்த்ததும் அதைப் படிக்கத் திரும்பி, கேட்பவர்களுக்கு முதுகைக் காட்டுகிறார்கள். மூன்றாவதுதான் பெரிது. எழுதிவந்த பேச்சுக்கும் எதிரில் இருக்கிற பொருளுக்கும் சம்பந்தமே இல்லை. "நெடிய அழகிய மதுச்சாடி" என்று பேசுகிற பிள்ளையின் பக்கத்தில், உடைந்த கழுத்துத் துண்டு ஒன்று சும்மா கிடக்கிறது. பொருள் அங்கே இருப்பதால் பேச்சுக்கு ஒரு பலனும் இல்லை. இதைப் பள்ளி அரங்கிலேயே நடத்தியிருக்கலாம், பஸ் காசாவது மிஞ்சியிருக்கும்.

தேதி, அனுமதி, பஸ்

புதுச்சேரி அருங்காட்சியகம் பாரதி பூங்காவை ஒட்டி செயின்ட் லூயி வீதியில் இருக்கிறது. திங்கட்கிழமை விடுமுறை. தமிழ்நாட்டுப் பள்ளிகள் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு: புதுச்சேரிக்கு என்று தனி விடுமுறைகள் இருக்கின்றன. நவம்பர் 1 விடுதலை நாள், ஆகஸ்ட் 16 சட்டப்படியான இணைப்பு நாள். நம் பள்ளி நாட்காட்டியில் இரண்டும் சாதாரண வேலைநாள்தான். தேதி குறிக்கும் முன் அந்தப் பக்கத்து நாட்காட்டியையும் ஒருமுறை புரட்டிவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் போகவே வேண்டாம். நனைந்த செருப்போடு 32 பேர் உள்ளே நுழைந்தால் தரை வழுக்கும், கவனமெல்லாம் காலில்தான் இருக்கும்.

கல்வி அலுவலக அனுமதியும் பெற்றோர் ஒப்புதல் கடிதமும் வழக்கமான வேலை. அருங்காட்சியகத்துக்குத் தனியாக ஒரு கடிதம் கொடுத்து, எத்தனை பேர் வருகிறோம், உள்ளே பிள்ளைகள் பேசப்போகிறார்கள், தரையில் சின்ன விரிப்பு போடப்போகிறோம் என்று மூன்றையும் எழுதிவிட வேண்டும். "பார்வையிட வருகிறோம்" என்று மட்டும் எழுதிவிட்டு அங்கே போய்ப் பேச ஆரம்பித்தால் காவலர் வந்து நிறுத்துவார். அது அவர் வேலை. தமிழ்நாட்டுப் பதிவெண் உள்ள வாடகை பஸ் புதுச்சேரிக்குள் போகப் பர்மிட் வேண்டும். வாடகை பேசும்போதே "பாண்டி பர்மிட் சேர்த்தா, தனியா?" என்று கேட்டுவிடுவது நல்லது. கடைசி நாளில் கேட்டால் தொகை ஏறிவிடும்.

முன்னோட்டப் பயணம்

இரண்டு ஆசிரியர்கள் ஒரு சனிக்கிழமை டவுன் பஸ்சில் போய்வந்தது. கையில் இஞ்ச் டேப், பென்சில், கட்டம்போட்ட நோட்டு. உள்ளே படம் எடுக்காமல் நடத்துவதாகவே திட்டமிட்டோம், அதனால் எல்லாவற்றையும் வரைந்துகொண்டுதான் வரவேண்டியிருந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் நான்கு விஷயம் குறித்தோம்: பொருள் தரையிலிருந்து எத்தனை செ.மீ. உயரத்தில் இருக்கிறது, பக்கத்தில் ஒரு பிள்ளை நிற்க இடம் உண்டா, எதிரில் மூன்று பேர் நின்றால் வழி அடைபடுமா, அடுத்த பொருளில் பேசுகிற குரல் இங்கே விழுமா. கடைசியைச் சோதிக்க ஒருவர் ஒரு பெட்டியருகே சாதாரணக் குரலில் பத்து வரை எண்ண, மற்றவர் நடந்துகொண்டே வந்தார். ஒரே அறையில் 6 மீட்டருக்குள் இரண்டு பேர் பேசினால் குழப்பம். சுவர் நடுவில் இருந்தால் 3 மீட்டரே போதும்.

இப்படி எட்டு இடம் தேர்ந்தது. புதுச்சேரிக்குத் தெற்கே ஆற்றோரத்தில் இருந்த பழைய வணிகத் துறையான அரிக்கமேட்டில் தோண்டி எடுத்த பொருள்களில் மூன்று: ஆம்போரா என்ற ரோமானியச் சாடியின் துண்டு, அரெட்டைன் பானைச் சில்லு, கோர்க்கும் மணிகள். அப்புறம் ஒரு செப்புத்திருமேனி, ஒரு கற்சிற்பம், பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயுடையது என்று சொல்லப்படும் கட்டில், புஸ்-புஸ் வண்டி, நாணயங்கள். இதில் நாணயம் எடுத்தது இன்னொரு தப்பு. ஒத்திகையிலேயே தெரிந்துபோயிற்று: பொருள் சின்னதாக இருந்தால் கேட்பவர்கள் மூன்று பேரும் கண்ணாடிமேல் தலையைக் கவிழ்த்துக்கொள்கிறார்கள், பேசுகிற பிள்ளை மூன்று உச்சந்தலைகளிடம் பேசவேண்டியதாகிறது. நாணயத்தை விட்டுவிட்டு பிரெஞ்சுக் கால நாற்காலி ஒன்றை எடுத்தோம். மணிகளும் சின்னவைதான், ஆனால் அதில் சொல்ல விஷயம் நிறைய. அதனால் ஒரு மணியை 20 செ.மீ. அளவுக்குப் பெரிதாக அட்டையில் வரைந்து, பேசுகிறவர் கையில் கொடுத்தோம்.

ஒரு பொருள், நான்கு கோணம்

எட்டுப் பொருள், 32 பிள்ளைகள். ஆக ஒரு பொருளுக்கு நான்கு பேர். நான்கு பேரும் ஒன்றையே சொல்லாமலிருக்க நான்கு கோணம்: கண்ணுக்குத் தெரிவது என்ன, எப்படிச் செய்தார்கள், எதற்குப் பயன்பட்டது, இங்கே எப்படி வந்து சேர்ந்தது.

ஆம்போராவை வைத்துச் சொன்னால் விளங்கும். முதல் பிள்ளைக்குத் துண்டு மட்டும்தான் சொந்தம்: கழுத்து, கைப்பிடி ஒட்டிய இடம், மண்ணின் நிறம். இரண்டாவது பிள்ளை சக்கரத்தில் வனைந்து, கைப்பிடியைத் தனியாக உருட்டி ஒட்டியதைச் சொல்லும். மூன்றாவது பிள்ளைக்கு மதுவும் எண்ணெயும் கப்பலில் வந்த கதை. முழுச் சாடியின் அடி கூர்மையாக இருக்கும் என்று படத்தில் காட்டியதும் வகுப்பே கேட்ட கேள்வி, "அப்ப எப்படி சார் நிக்கும்?" அதற்கு விடையையும் ஒரு பிள்ளையே கொண்டுவந்தது: "எங்க ஆயா வீட்ல பானைக்குப் பிரிமணை வெப்பாங்க. இதுக்குக் கப்பல்ல கீழ் வரிசை சாடிதான் பிரிமணை." கீழ் வரிசைச் சாடிகளின் தோள்களுக்கு நடுவில் மேல் வரிசையின் கூர் அடி உட்காரும். ஒரு பாடவேளை விளக்கவேண்டியதை அந்த ஒரு வாக்கியம் முடித்துவிட்டது, பேச்சிலும் அதையே வைத்துக்கொண்டோம்.

நான்காவது பிள்ளைக்கு அகழாய்வு. 1944இல் சென்னை அருங்காட்சியகத்தில் ஒரு ஆம்போராத் துண்டைப் பார்த்த தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அதைத் தொடர்ந்து புதுச்சேரிக்கு வந்தார், 1945இல் அரிக்கமேட்டில் தோண்டினார். அவருக்குப் பின் அங்கே தோண்டியவர்கள் 1947 முதல் 1950 வரை கசால், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி. இந்த ஆண்டுகளைப் பிள்ளைகள் ரயில் வண்டிபோல ஒப்பிக்கப் பார்ப்பார்கள். ஒரு பேச்சில் ஒரே ஒரு ஆண்டுதான் என்று சட்டம் போட்டோம். வீலரைச் சொல்கிற பிள்ளை 1945ஐ மட்டும் சொன்னால் போதும், மற்றது கேள்வி வந்தால் பதில்.

அரெட்டைன் சில்லுக்கும் அப்படியே. இத்தாலியின் அரெட்சோ ஊரில் செய்த, பளபளக்கும் சிவப்புப் பூச்சுப் பாண்டம். அங்கே அது எந்தக் காலத்தில் செய்யப்பட்டது என்று தெரியும், ஆகவே இங்கே அதோடு ஒரே மண்ணடுக்கில் கிடைத்த உள்ளூர்ப் பானைகளுக்கும் காலம் சொல்ல முடிந்தது. இதை ஒரு பிள்ளை "தேதி போட்ட பால் பாக்கெட் குப்பையில கிடந்தா, அதே குப்பையில இருக்கிற முட்டை ஓடும் அந்த வாரத்துதுதானே" என்றது. அதைவிட நன்றாக எங்களுக்குச் சொல்லத் தெரியாது.

மணிக்கு வகுப்பில் ஒரு செய்முறை. கண்ணாடியை உருக்கி நீளமான குழாயாக இழுத்து, அதைத் துண்டு துண்டாக நறுக்கி, மறுபடி சூடுகாட்டி ஓரத்தை மழுக்கினால் மணி. அரிக்கமேட்டில் செய்த முறை இது. ஆந்திராவின் பாப்பாநாயுடுப்பேட்டையில் இதே வழியில் கண்ணாடி மணி செய்துவந்தார்கள். காட்டுவதற்குத் தீர்ந்துபோன பேனா ரீஃபில் போதும். மை போகக் கழுவி, 3 மி.மீ. துண்டுகளாக நறுக்கி, நூலில் கோர்த்தால், குழாய் ஏன் மணியாகிறது என்பதும் துளை தனியாகப் போடத் தேவையில்லை என்பதும் கையிலேயே புரிந்துவிடும். பிளேடை ஆசிரியர்தான் பிடிக்க வேண்டும்.

செப்புத்திருமேனிக்கு மெழுகு வார்ப்பு, இன்றும் சுவாமிமலையில் நடக்கிற வேலை. அதைவிடப் பிள்ளைகளை இழுத்தது உற்சவர் சிலைகளின் பீடத்தில் உள்ள துளையும் வளையமும்தான். கம்பு செருகி, கயிறு கட்டி, வீதியில் தூக்கிப்போக வைத்தவை அவை. தேர்த் திருவிழா பார்த்த பிள்ளைக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். கற்சிற்பத்தில் பெரிதாக ஒன்றும் வரவில்லை, கோணம் நான்கும் ஒன்றுபோலவே ஆகிவிட்டது.

புஸ்-புஸ் என்ற பெயரைக் கேட்டாலே சிரிப்பு வரும். பின்னாலிருந்து ஆள் தள்ள, உட்கார்ந்திருப்பவர் முன்சக்கரத்துக் கம்பியைப் பிடித்துத் திருப்பும் வண்டி. பிரெஞ்சில் "தள்ளு, தள்ளு" என்று பொருள். இந்தச் சிரிப்பை வகுப்பிலேயே சிரித்துத் தீர்க்கவைத்தோம். மூன்று நாள் தொடர்ந்து சொல்லவைத்தால் நான்காம் நாள் யாரும் சிரிப்பதில்லை.

ஆறு பாடவேளை

மூன்று வாரம், வாரத்துக்கு இரண்டு பாடவேளை, ஒவ்வொன்றும் 40 நிமிடம்.

முதலாவதில் அருங்காட்சியகப் பேச்சே எடுக்கவில்லை. வீட்டிலிருந்து பழைய பூட்டு, கலயம், எவர்சில்வர் தூக்கு கொண்டுவரச் சொல்லி, கண்ணால் பார்த்ததை மட்டும் பத்து வாக்கியம். "அழகான", "பழமையான", "சிறப்புமிக்க" மூன்றும் தடை. "என்பது குறிப்பிடத்தக்கது" சொன்னால் மறுபடி முதலிலிருந்து. மூன்றாவது வாக்கியத்துக்குமேல் திணறுவார்கள், ஏழாவதில்தான் உண்மையான பார்வை வரும்: "சாவி ஓட்டைக்குப் பக்கத்துல கீறல் கீறலா இருக்கு, இருட்டுல திறந்திருப்பாங்க."

இரண்டாவது, ரீஃபில் மணியும் பிரிமணையும். மூன்றாவது, அட்டை தயாரிப்பு. நான்காவது, பள்ளித் தாழ்வாரத்தில் அட்டைப்பெட்டியைக் காட்சிப்பெட்டியாக வைத்து நின்று பேசுதல். ஐந்தாவது, கேள்வி. ஆறாவது, இடைவேளை மணி அடித்து மற்ற வகுப்புகள் வெளியே ஓடுகிற நேரத்தில், அந்த இரைச்சலுக்கு நடுவில் முழு ஒத்திகை. ஆறாவதை விட்டுவிடாதீர்கள். அமைதியில் பழகிய பிள்ளை அருங்காட்சியகத்தில் நாலு சுற்றுலாக்காரர் நடந்துபோனாலே நின்றுவிடும்.

எழுத்துத் தமிழா, பேச்சுத் தமிழா என்பதில் ஆசிரியர்களுக்குள்ளேயே வாதம் நடந்தது. கடைசியில் முதல் வாக்கியம் மட்டும் திருத்தமான தமிழில், மீதி வீட்டில் பேசுகிற தமிழில் என்று முடிவானது. மனப்பாடச் செந்தமிழ் அறுந்தால் ஒட்டாது. பேச்சுத்தமிழ் அறுந்தால் அதே இடத்திலிருந்து இன்னொரு வழியாகப் போய்விடலாம். மேடைத்தமிழ் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு வேறு நாள், வேறு இடம்.

குரலுக்கு ஒரே ஒரு பயிற்சி. "சத்தமாப் பேசு" என்றால் பிள்ளைகள் தொண்டையால் கத்துவார்கள், உயரமான கூரையுள்ள கூடத்தில் கத்தினால் எதிரொலிதான் கேட்கும். உண்மைச் சிக்கல் சத்தக் குறைவு இல்லை. தமிழில் வினைச்சொல் கடைசியில் வருகிறது, பிள்ளைகள் வாக்கியத்தின் கடைசியைத்தான் விழுங்குகிறார்கள். "இந்த மணி இங்கேயே…" வரை தெளிவாக வரும், அது செய்யப்பட்டதா, செய்யப்படவில்லையா என்பது வாய்க்குள்ளேயே போய்விடும். அதனால் 3 மீட்டர் தள்ளி ஒருவரை நிறுத்தி, ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்ல முடியாவிட்டால் அந்த வாக்கியம் மறுபடி. இரண்டே பாடவேளையில் வித்தியாசம் தெரிந்தது.

"எனக்குத் தெரியாது" என்று சொல்லவும் பழக்க வேண்டியிருக்கிறது. சும்மா விட்டால் பிள்ளைகள் புளுகுவார்கள், இல்லாவிட்டால் அழுவார்கள். மூன்று துண்டாகக் கொடுத்தோம்: அது எனக்குத் தெரியாது, எனக்குத் தெரிந்தது இது, இதை இன்னாரிடம் கேட்கலாம். கேட்பவர்களுக்கும் ஒரு கட்டுப்பாடு. "எந்த நூற்றாண்டு?" மாதிரி வினாடிவினாக் கேள்வி கூடாது. "அது உனக்கு எப்படித் தெரியும்?", "எங்க பார்த்தா அது தெரியும்?" இந்த இரண்டு வகை மட்டும்.

கருவிகள்

குறிப்பு அட்டை 10 × 15 செ.மீ., கெட்டி அட்டை. முதல் தடவை ஏ4 தாள் கொடுத்தோம். கை நடுங்கினால் தாள் படபடக்கும், அந்தச் சத்தம் பேசுகிறவருக்கே கேட்டு இன்னும் நடுங்கும். போதாக்குறைக்கு வாயையும் மறைத்துவிடும். கெட்டி அட்டையில் நடுக்கம் வெளியே தெரியாது. அட்டையில் ஐந்து சொல், ஒரு படம். முழு வாக்கியம் எழுதினால் படித்துவிடுவார்கள்.

நிற்குமிடத்துக்கு முதலில் கயிறு யோசித்தோம். தாழ்வார ஒத்திகையிலேயே இரண்டு பேர் தடுக்கினார்கள், கைவிட்டோம். காட்சிப்பெட்டிகளுக்கு நடுவில் கயிறு நினைத்துப் பார்க்கவே கூடாத விஷயம். தரையில் சாக்பீஸ், டேப் எதுவும் போடக்கூடாது. கடைசியில் பழைய ரப்பர் மேட்டை 40 செ.மீ. வட்டமாக வெட்டி எட்டு விரிப்பு. பெட்டிக்குப் பக்கவாட்டில், கண்ணாடியிலிருந்து 60 செ.மீ. தள்ளிப் போட வேண்டும். இந்த 60 செ.மீ.தான் முக்கியம்: கண்ணாடியில் சாய முடியாது, விளக்கச் சீட்டைப் படிக்க முடியாது, பொருளுக்குப் பக்கத்துக் கையால் காட்ட மட்டும் முடியும். முதுகு காட்டுகிற கோளாறு சொல்லித் திருந்தவில்லை, விரிப்பால் திருந்தியது. துணி விரிப்பு வேண்டாம், வழுக்கும்.

மஞ்சள், சிவப்பு அட்டை ஆளுக்கு ஒரு ஜோடி, நான்கு பெரியவர்களுக்கு. பேச ஆரம்பித்து 60 வினாடியில் மஞ்சள், 90இல் சிவப்பு. மணி, விசில் உள்ளே கூடாது. நான்கு பேர் கடிகாரமும் பஸ்சிலேயே ஒரே நேரத்துக்குத் திருப்பப்பட்டது.

அன்றைய நாள்

8.15க்குக் கிளம்பியது. முருங்கப்பாக்கம், மரப்பாலம் நெரிசலுக்கு என்று தனியாக 20 நிமிடம் வைத்தோம், அத்தனையும் செலவாயிற்று. அரியாங்குப்பம் தாண்டும்போது வலது பக்கம் ஆற்றோரத்தில்தான் அரிக்கமேடு என்று காட்டியதோடு சரி. முதல் தடவை இறங்கிப் பார்த்தோம்: மாந்தோப்பு, செங்கல் சுவர், வெயில். பேசவேண்டிய தெம்பில் ஒரு மணி நேரம் அங்கே கரைந்தது. பாரதி பூங்காவில் மர நிழலில் 15 நிமிடம், தண்ணீர், கடைசிச் சொல் பயிற்சி ஒரு சுற்று.

உள்ளே போனதும் பேச்சு இல்லை. ஒவ்வொருவரும் தன் பொருளின் முன்னால் 10 நிமிடம் வாய் திறக்காமல் பென்சிலால் வரைய வேண்டும். பேனா கூடாது. பேச்சின் முதல் வாக்கியம் இந்தப் படத்திலிருந்துதான் வர வேண்டும், பள்ளியில் எழுதிய அட்டையிலிருந்து வரக்கூடாது. முதல் தடவைக்கும் இரண்டாம் தடவைக்கும் உள்ள பெரிய வித்தியாசமே இதுதான் என்று இப்போது தோன்றுகிறது. கைப்பிடி கழுத்தோடு ஒட்டிய இடத்தில் விரல் அமுக்கினாற்போல ஒரு குழி இருப்பதை வரைந்த பிள்ளை, "இதச் செஞ்சவரோட கட்டைவிரல் எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு இங்க தெரியுது" என்று ஆரம்பித்தது. பள்ளியில் எழுதியிருந்தால் "ரோமானியர்கள் கடல்வழி வாணிபத்தில்" என்றுதான் ஆரம்பித்திருக்கும்.

சுற்று இப்படி: முதல் அணி எட்டுப் பேர் எட்டு விரிப்பில். மீதி 24 பேர் மூன்று மூன்று பேராக எட்டுக் குழு. பேச்சு 90 வினாடி, கேள்வி 60 வினாடி, அடுத்த பொருளுக்கு நகர 90 வினாடி. மொத்தம் 4 நிமிடம். இப்படி நான்கு தடவை, அதாவது ஒவ்வொரு பிள்ளையும் அதே பேச்சை நான்கு வெவ்வேறு குழுவிடம் சொல்கிறது. ஒரு அணிக்கு 16 நிமிடம், நான்கு அணிக்கு 64, அணி மாற்ற மூன்று தடவை 5 நிமிடம். 79 நிமிடத்தில் 32 பேரும் ஆளுக்கு நான்கு முறை பேசி, ஆளுக்குப் பன்னிரண்டு பேச்சு கேட்டு முடிந்தது. ஒரு பெரியவருக்கு இரண்டு விரிப்பு.

முதல் கூறலில் பாதிப் பேருக்குமேல் ஒரு நிமிடத்துக்குள் ஓடி முடித்துவிட்டார்கள், மஞ்சள் அட்டைக்கு வேலையே இல்லை. இரண்டாவதில் மூச்சு வாங்கப் பழகினார்கள். மூன்றாவதில் ஒரு புது நோய்: தைரியம் வந்ததும் கதை விடுகிறார்கள். கட்டிலருகே நின்ற பிள்ளை "டூப்ளே இந்தக் கட்டில்லதான் செத்தாரு" என்று அடித்துவிட்டது. 1754இல் ஊர் திரும்பி, 1763இல் பாரிசில் இறந்த மனிதர். கேட்டவர்களில் ஒரு பிள்ளை "அது உனக்கு எப்படித் தெரியும்?" என்றதும் முகம் சுருங்கி, "தெரியாது… அவருக்குத் துபாசியா, அதாவது மொழிபெயர்ப்பாளரா இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736லேர்ந்து தமிழ்ல நாட்குறிப்பு எழுதினாருன்னு தெரியும்" என்று சரியான இடத்துக்கு வந்தது. ஆசிரியர் குறுக்கிட்டுத் திருத்தாமல் விட்டதால்தான் இது நடந்தது. குறுக்கிட ஆசை வரும். சுற்று முடிந்த பிறகு காதோடு சொன்னால் போதும். நான்காவதில் பல பேருக்குச் சிவப்பு அட்டை காட்ட வேண்டியிருந்தது.

எதிர்பாராதது, வெளியாட்கள். சுற்றுலா வந்தவர்கள் நின்று கேட்க ஆரம்பித்தார்கள். பிள்ளைகளுக்கு அது நல்லதுதான், ஆனால் சிலர் கைபேசியை எடுப்பார்கள். படம் வேண்டாம் என்று பணிவாகச் சொல்ல ஒரு பெரியவர் கைவசம் இருக்க வேண்டும். இரண்டு விரிப்பைப் பார்த்துக்கொள்கிறவரால் இதையும் சேர்த்துச் செய்ய முடியாது.

பயப்படுகிற பிள்ளைகளை இரண்டாம் அணியில் போடுங்கள். முதல் அணியில் போட்டால் உறைந்துபோவார்கள், நான்காம் அணி வரை காக்கவைத்தால் வயிற்றுவலி என்பார்கள்.

செலவு

பஸ் வாடகை பர்மிட் சேர்த்து ₹8,500. ஓட்டுநர் பேட்டா ₹500. மதியத்துக்கு லெமன் சாதம், உருளைக்கிழங்கு, 36 பொட்டலம் ₹50 வீதம் ₹1,800. தண்ணீர் கேன் இரண்டு ₹70. அட்டை, பென்சில், வண்ணத்தாள் எல்லாம் சேர்த்து ₹420. ரப்பர் மேட் பள்ளியில் கிடந்தது. நுழைவுச்சீட்டு நீங்கலாக ₹11,290, பிள்ளைக்கு ₹353. டவுன் பஸ்சில் போனால் இதில் பெரும்பகுதி மிஞ்சும், ஆனால் 32 பேரைக் காலை நெரிசலில் ஏற்றி இறக்குவது தனிப் பயிற்சி.

அடுத்த தடவைக்கு

கற்சிற்பத்தை விட்டுவிட்டு, நாற்காலிக்கும் வேறு பொருள் தேட வேண்டும். நாற்காலியில் "எப்படிச் செய்தார்கள்" கோணத்துக்கு ஊரில் ஒரு தச்சு ஆசாரியைப் பிடித்துப் பாடவேளைக்கு அழைத்திருந்தால் அது பிழைத்திருக்கும். பெரியவர்கள் நான்குக்குப் பதில் ஐந்து. அணி மாறுகிற 5 நிமிடம் போதவில்லை, விரிப்பில் நிற்பவருக்கு அட்டையை ஒருமுறை பார்க்கக்கூட நேரம் இல்லை, 7 ஆக்க வேண்டும். கேட்பவர்கள் கையில் காகிதம் கொடுத்து மதிப்பெண் போடச் சொன்னதும் வேண்டாத வேலை. எழுதக் குனிந்தார்கள், பேசுகிறவருக்கு மறுபடி உச்சந்தலைதான். திரும்பும் பஸ்சில் "யார் சொன்னதில் எது நினைவிருக்கு?" என்று வாயால் கேட்டதில் அதைவிட நல்ல தகவல் கிடைத்தது: பன்னிரண்டு பேச்சு கேட்டவர்களில் பெரும்பாலோருக்கு நினைவிருந்தது பிரிமணையும் பால் பாக்கெட்டும்.

எட்டு விரிப்பும் இப்போது நூலக அலமாரியில் இருக்கின்றன. ஒன்று மட்டும் காலைப் பிரார்த்தனைக் கூட்டத்துக்குப் போயிருக்கிறது. செய்தி வாசிக்கிற பிள்ளை அதன்மேல்தான் நிற்பேன் என்கிறது.